கோட்டின் வலது கை

ஏழாவது முறை அது கழன்றபோது
நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.
பந்து இல்லை, தண்ணீர் இல்லை,
மேலே ஏறி அழுத்த எதிரணிக்காரி யாரும் இல்லை.
செகெட் நகரத்து ஜனவரி. டிராம் வரும் நேரம்.
இடது கையை நுழைத்துவிட்டு
வலது கையைப் பின்னால் நீட்டித் துழாவினேன்.
அவ்வளவுதான்.
எலும்பு கிண்ணத்தைவிட்டு எழுந்து போயிற்று,
பந்தியில் மனம் கோணியவரைப் போல, சொல்லாமல்.

முதல் முறையை மட்டும் ஊரே பார்த்தது.
வாட்டர் போலோ அரையிறுதி. எறியக் கை ஓங்கியிருந்தேன்,
பின்னாலிருந்து ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்தாள்.
கரையேற்றியபோது குளம் முழுக்க எழுந்து தட்டியது.
பதிலுக்குத் தட்ட எனக்கு இருந்தது ஒரு கை.

பிறகு வந்தவற்றுக்குச் சாட்சி இல்லை.
மேல்தட்டில் பாப்ரிகா டப்பா எடுக்கையில்.
ஒரு தும்மலில்.
தூக்கத்தில் ஒருமுறை;
அன்றிலிருந்து சொங்கோர்
குளியல் அங்கியின் நாடாவை எடுத்து
என் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு கட்டிப் படுத்தான்.
கேட்டவர்களிடம் காதல் என்றோம்.

நடுவே ஒரு சாவித்துளை அறுவை.
கிழிந்த விளிம்பை மூன்று நங்கூரம் போட்டுத் தைத்தார்கள்.
பதினான்கு மாதம் தாங்கியது,
அந்தக் கோட்டு வரை.

டாக்டர் எமோகே படத்தைத் திரையில் சுழற்றினாள்.
"ஒவ்வொரு முறை வெளியேறும்போதும்
கிண்ணத்தின் முன்பக்கத்தைக் கொறித்துப் போயிருக்கிறது.
கால்வாசி காணோம்.
மறுபடி தைக்கலாம் என்றால், துணி எங்கே?"

பக்கத்திலேயே இன்னோர் எலும்பு இருக்கிறதாம்,
காக்கை அலகுபோல் வளைந்து.
அதை அடியில் வெட்டி, தசைநாண் தொங்கத் தொங்க,
முன்தசையின் நார்களை வகிர்ந்து உள்ளே கொண்டுபோய்
குறைந்த விளிம்பில் வைத்து
இரண்டு திருகாணி.
கை ஓங்கும்போது அந்த நாணே குறுக்கே நின்று மறிக்கும்.
உடைப்பெடுத்த இடத்தில் கரை கட்டுவதுதான், என்றாள்.
திசா ஆற்றங்கரையில் பிறந்தவள்
வேறெப்படிச் சொல்வாள்?

முன்போல் எறிவேனா, என்றேன்.
திருகாணியின் நீளத்தைப் பற்றி
இன்னும் கொஞ்சம் பேசினாள்.

கழுத்தில் ஊசி. கை மரத்தது.
மயக்கம் வருமுன் இடது விரல்களால் தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது.
யாருடையதோ.

வீட்டில் முதல் இரவு, கை தூளிக்குள்.
சொங்கோர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு
கட்டிலோரம் வெகுநேரம் நின்றான்.

ஐந்தாம் மாதம் எமோகே என் கையை உயர்த்தி
மெல்ல வெளிப்பக்கம் திருப்பினாள்.
எலும்பு அசையவில்லை.
என் முகம் அசைந்தது.
இரண்டையும் குறித்துக்கொண்டாள்.
பன்னிரண்டு டிகிரி குறைவு, அதையும்.

இப்போது வலது கையைத்தான் முதலில் நுழைக்கிறேன்.
நாடா அங்கிக்குத் திரும்பிவிட்டது,
ஒரு முனை மட்டும் முறுக்கு விடாமல்.
தலைக்குமேல் கை போட்டுத் தூங்குகிறேன், சோம்பேறியாக.
எறிந்தால் பந்து கம்பத்துக்குப் போகிறது.
என்னைத் தடுப்பில் போட்டிருக்கிறார்கள்.

நேற்றுப் பயிற்சியில்
பதினேழு வயது வில்மா எறியக் கை ஓங்கினாள்.
அவள் மணிக்கட்டு என் எதிரே, ஈரமாய்,
பிடிக்க வாகாக.
கோல்.
"பொரோகா, கை எங்கே போச்சு?"
கரையிலிருந்து பயிற்சியாளர் கத்தினார்.
எங்கும் போகவில்லை, என்றேன்.