இரண்டு நொடி இருட்டு

நாற்காலியை விட்டு எழுந்தால்
திரை இருண்டுவிடும்.
சரியாக இரண்டு நொடி.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
மாலையைக் கையில் பிடித்தபடி
அதே இடத்தில் நிற்பாள் மணப்பெண்.

பட்டர்வொர்த் கல்யாணம் அது.
வெள்ளிக்கிழமை தருவதாகப் பேச்சு.
முன்பணம்
மோட்டார் டயருக்கும் வாடகைக்கும் போயாகிவிட்டது.

மச்சினன் தீபன்ராஜ் வந்தான்.
"கார்டு செத்துடுச்சு மாமா" என்றான்,
துக்க வீட்டுக்கு முதலில் வந்தவன் குரலில்.
டிரைவரை அழித்தோம், மறுபடி போட்டோம்.
கார்டைக் கழற்றி
அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்தோம்.
விண்டோஸையே இரண்டு முறை
புதிதாக ஏற்றினோம்.
"இப்ப சரி" என்று
காப்பி கலக்க எழுந்தேன்.
இருட்டு.

மழைக்கோட்டைப் பெட்டிக்குப் போட்டு
நான் நனைந்துகொண்டே
புக்கிட் ஜம்புல் கடைக்குக் கொண்டுபோனேன்.
அங்கே, மெய் யீயின் மேசையில், இரண்டு மணி நேரம்
ஆய்வாளர் வந்த நாள் மாணவனைப்போல்
கைகட்டி இருந்தது அது.
"கார்டு நல்ல கார்டு. வயர் எங்கே?"
வயரில் என்ன இருக்கிறது,
வயர் வயர்தானே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பாலம் தெரியும்வரை அது உறுத்திக்கொண்டே வந்தது.

ஜெலுத்தோங் பிளாட்டில்
ஏர்கோன் ஒரே அறையில்தான்.
மேசை அங்கே, விமலேஸ்வரி உறங்குவதும் அங்கே.
இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து விடிந்துதான் வருவாள்.
காற்றாடிச் சத்தம் அவளை எழுப்பும் என்று
பெட்டியை நானே கூடத்துக்குத் தள்ளிவைத்தேன்.
அங்கிருந்து திரைவரை ஐந்து மீட்டர் வயர்,
இரவுச் சந்தையில் ஒன்பது வெள்ளி,
நிலைப்படி தாண்டி, கட்டிலடியில் ஊர்ந்து.
ஐந்து மாதமாக அந்தக் கதவு
நான்கு விரல் திறந்தே கிடக்கிறது.

அவள் ஓய்வு நாள் இரவு.
உட்கார்ந்தேன், எழுந்தேன். இருட்டு.
உட்கார்ந்தேன், எழுந்தேன்.
பதினோராவது முறை கட்டிலிலிருந்து கேட்டாள்:
"என்ன, தோப்புக்கரணமா?"

சொன்னேன்.
எழுந்து வந்து
சமையலறை பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டாள்.
"இதுல உட்கார்ந்து எழுந்திருங்க."
மணப்பெண் அசையாமல் நின்றாள்.
"இப்ப நாற்காலி. மெதுவா."
நின்றாள்.
"இப்ப சட்டுன்னு."
இருட்டு.
"ஒண்ணொண்ணா மாத்தணும்.
மொத்தமா மாத்தினா
எது குத்தம்னு எப்படித் தெரியும்?"
தொழிற்சாலையில் நாள் முழுக்க
பலகைகளைச் சோதிப்பவள்.
என்னிடம் இதுவரை சொன்னதில்லை.
நான் கேட்டதும் இல்லை.

நாற்காலித் தண்டு துள்ளி எழும்போது
கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று கிளம்புமாம்.
நல்ல வயர் அதை உள்ளே விடாதாம்.
மெய் யீ என் வயரைக் கீறிக் காட்டினாள்:
தோல் இருந்தது,
தோலுக்கடியில் போர்த்த ஒரு வெள்ளித்தாள்கூட இல்லை.

புதியது முப்பத்தைந்து வெள்ளி, தடித்தது,
ஒன்றரை மீட்டர்தான்.
பெட்டி அறைக்குள் திரும்பியது.
கதவு மூடியது.
"சத்தம்?" என்றேன்.
"சத்தம் பழகிடும்.
முகத்துல விழுந்த அந்த வெளிச்சம்தான்
கடைசிவரைக்கும் பழகல."

மணப்பெண் மாலையைப் போட்டுவிட்டாள்.
எழும்போது இன்னும்
ஒருமுறை திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய வயர் பால்கனியில்,
சுவருக்குச் சுவர்.
அவளுடைய நீலச் சீருடை இரண்டு, என் கைலி ஒன்று.
தாங்குகிறது.