ஒரு சாண்

இருபத்திரண்டு வருஷமாக
இந்தச் சன்னலுக்கு உள்பக்கம் நிற்கிறேன்.
ராயக்கோட்டைத் தக்காளி லாரிகள் போகும் சாலையில்
ஆரம்ப சுகாதார நிலையம்.
பலகையில் ஓரெழுத்து உதிர்ந்து
'மந்து வழங்குமிடம்' என்றிருக்கும்,
அதுதான் என் இடம்.

சீட்டை வாங்கினால்
நான் பெயரைப் பார்ப்பதில்லை,
விலாசத்தைப் பார்ப்பேன்.
ஊர் என்றால் கவரில் போட்டு
உள்ளங்கையில் வைப்பேன்.
காலனி என்றால்
கை தானாகக் கொஞ்சம் மேலே போகும்,
அங்கிருந்து விடுவேன்.
யாரும் சொல்லித்தரவில்லை.
டி.பார்ம் புத்தகத்தில் அப்படியொரு பாடமில்லை.

போன வைகாசியில் கெம்பம்மா வந்தாள்.
எங்கள் பக்கத்துக் கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு.
வறுத்த கேழ்வரகு நிறத்தில் பிறந்தவளுக்கு
என்ன ஆசையில் வைத்தார்களோ.
பல்லெல்லாம் பழுப்புக் கோடு.
புகையிலையா என்று நர்ஸ் அதட்டினாள்.
தண்ணிங்க, என்றாள்.
காவிரிக் குழாய் ஊர்த் தொட்டியோடு நின்றுவிட்டது.
அவர்கள் தெருவுக்கு இன்றும்
அந்தப் பழைய போர்தான்.

மூச்சு வாங்குகிறது என்று வந்திருந்தாள்.
விரலில் கிளிப் மாட்டினார்கள்.
தொண்ணூற்றாறு.
நல்லாத்தானே இருக்கே, என்றாள் நர்ஸ்.
கெம்பம்மா பதில் சொல்லவில்லை,
பதிலுக்கும் மூச்சு வேண்டுமே.

புதிதாக வந்திருந்த டாக்டர் ஷர்மிளா
கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்,
நெஞ்சில் காதுவைத்த மாதிரி
வெகுநேரம் கேட்டார்.
பிறகு அந்தக் கிளிப்பைக் கையில் எடுத்து
'இதை வெளுத்த விரல்களில் பழக்கியிருக்கிறார்கள்,
கருத்த விரலில் சில நேரம் கூட்டிச் சொல்லும்' என்றார்.
கிருஷ்ணகிரிக்கு வண்டி எழுதினார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.
மனுஷன் தெரு பார்ப்பான், சரி.
பேட்டரி போட்ட சாமானுக்கும்
யாரோ தெரு காட்டிக்கொடுத்திருக்கிறார்களே.
அப்புறம் சிரிப்பு நின்றது.
அதுவாவது
தொட்டுவிட்டுப் பொய் சொன்னது.

வண்டி வருவதற்குள் விழுங்க
இரண்டு மாத்திரை எழுதியிருந்தார்.
படுத்திரு, கொண்டுவந்து தருகிறோம் என்றும்
சன்னலுக்கே வந்துவிட்டாள், பழக்கம்.
கை மேலே போனது.
ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.
ஒன்று விரல் நுனியில் பட்டுத் தெறித்து
தரையில் உருண்டு
எடைபார்க்கும் மெஷின் அருகே நின்றது.

அவள் குனியவில்லை.
முதுகை அந்தத் தண்ணீர் கம்பியாக்கி
வருஷக்கணக்காகிறது.
குனிய வராதுங்க சார்,
என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.
வரிசையில் பதினாலு பேர்,
தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.
நான் கதவைத் திறந்து சுற்றிப் போயிருக்கலாம்,
எட்டு அடி தூரம்.
இன்னொரு மாத்திரையைப் பிய்த்தேன்.
கையை இறக்கினேன்.
பாதிதான் இறங்கியது.

சாயங்காலம் இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
கீழே விழுந்தது என்று எழுதினேன்.
எத்தனை உயரத்திலிருந்து என்பதற்குக் கட்டமில்லை.
எல்லோரும் போனபிறகு
சன்னல் விளிம்பில் விரல்களை விரித்து அளந்தேன்.
சரியாக ஒரு சாண்.

பதினெட்டாம் நாள் திரும்பி வந்தாள்,
கொஞ்சம் இளைத்து, மூச்சு சீராக.
சீட்டை வைத்தாள்.
கையை நீட்டவில்லை.
மடியிலிருந்து ஒரு சில்வர் மூடியை எடுத்து
சன்னல் கட்டையில் வைத்தாள்.
'இதுல போடுங்க சார், உருளாது.'

போட்டேன்.
டிங், டிங் என்று
அறை முழுக்கக் கேட்டது.
இருபத்திரண்டு வருஷமாக
அந்தச் சத்தத்தை
உள்ளங்கைகள் வாங்கிக்கொண்டிருந்தன.