பக்கம் 1/1

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபேக்ஸ்.
ராயபுரம் ஆபீஸ் மெஷின்
வந்ததிலும் போனதிலும் ஒரு பிரதியை
வட்டில் போட்டு வைத்திருந்தது மூன்று வருசமாக.
இப்போது எதில் திறந்தாலும் திறக்க மாட்டேன் என்கிறது.
வக்கீலுக்குத் திங்கட்கிழமை பிடிஎஃப் வேண்டும்.
"முடியுமுங்களா?" என்றார் சென்னியப்பன்,
செருப்பைக் கழற்றாமல் கதவருகே நின்றபடி.
பாக்கலாமுங்க.

கறுப்புத் திரை, மினுக்கும் கட்டம்,
நான் எழுத வேண்டியது ஒரே ஒரு வரி:
இதை எடு, அதாக மாற்று, இப்படிப் பெயர் வை,
தீரும்வரை அடுத்ததை எடு.

முதல் பக்கம் வந்தது
இஸ்திரிப் பெட்டிக்கடியில் படுத்து எழுந்தாற்போல.
எழுத்தெல்லாம் சப்பை. கையெழுத்து ஒரு புழு.
அளவுப் படத்தில் குழந்தைச் சட்டை
அகலம் சரியாக, உயரம் பாதியாக.
ஃபேக்ஸின் புள்ளி சதுரம் இல்லை:
குறுக்கே அங்குலத்துக்கு இருநூற்று நான்கு,
நெடுக்கே தொண்ணூற்றெட்டு.
திரைக்கு இதை யாரும் சொல்லவில்லை.
வரியில் ஒரு சொல் சேர்த்தேன்,
சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கியது.

சில பக்கம் இரவாக வந்தன,
கறுப்பில் வெள்ளை எழுத்து. புரட்டிப் போட்டேன்.
சிலவற்றில் எட்டெட்டுப் புள்ளியாகத்
திரும்பி நின்றன எழுத்துகள்.
அதற்கும் ஒரு சொல் இருந்தது.
லைனில் இரைச்சல் வந்த நாளெல்லாம்
ஊசி உடைந்த துணி போல ஒரு கோடு;
துணியில் அது நெடுக்காக ஓடும்,
இங்கே குறுக்காக. அதற்குச் சொல் இல்லை, விட்டுவிட்டேன்.

சாயத் துண்டையே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் ஒரு தாளில்.
மெரூனா, நேவியா, பாட்டில் பச்சையா?
கறுப்புச் சதுரம், கீழே பேனாவால்
"இந்த நிறமே வேண்டும்."

வழக்கு அந்த நிறத்தைப் பற்றித்தான்.
நாற்பதாயிரம் பீஸ்.
நிறம் தப்பு, பதில் வரும்வரை வெட்ட மாட்டோம் என்று
அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட்டோம் என்கிறார் சென்னியப்பன்.
ஒன்றும் வரவில்லை என்கிறது அந்தப் பக்கம்.

ஒன்றரை மணிக்கு, தூக்கம் வராமல் இருக்க,
கோப்புகளை எடை வாரியாக அடுக்கினேன்.
இந்த மொழிக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்:
இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு,
பிறகு இத்தனை வெள்ளை.
சொல்ல நிறைய இருக்கிற தாள் கனக்கும்.
எல்லாவற்றுக்கும் அடியில்
சீரகம் போல ஒரு கோப்பு கிடந்தது.

திறந்தேன். உச்சியில் ஒற்றை வரி:
எங்கள் எண், தேதி, 23:52, பக்கம் 1/1.
அதற்குக் கீழே வெள்ளை.
பெரிதாக்கினேன், வெள்ளை.
புரட்டினேன், முழுக் கறுப்பு,
ஓர் ஓரத்தில்கூட ஒரு கொம்பு, ஒரு சுழி இல்லை.

காலையில் கருணாம்பிகையைக் கூப்பிட்டேன்.
அப்போது இங்கே மெர்ச்சண்டைசர்,
இப்போது பெருந்துறையில் வேறு கம்பெனி.
பின்னால் தையல் மெஷின்கள் மழையாய் இரைந்தன.
"எழுதுன பக்கம் மேலயா கீழயான்னு
அந்த மெஷின் மேல ஒரு படம் இருக்குமுங்க,
தேஞ்சு போயிருந்துச்சுங்க.
போயிருச்சு, ஓகேன்னு சீட்டு வந்துச்சுங்க.
லாஸ்ட் பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டனுங்க."
கொஞ்ச நேரம் தையல் சத்தம் மட்டும்.
"ஏனுங்க, ஒண்ணுமே தெரியலீங்களா அதுல?"

மணி தெரியுதுங்க என்றேன்.

எல்லாம் ஒரே கோப்பில் கோத்து அச்சுக்குக் கொடுத்தேன்.
தேதிப்படி அது அறுநூற்று நாற்பத்தேழாவது.
பேக்கரி டீயை ஊதிக்கொண்டே
ஒவ்வொன்றாகத் தள்ளியவர் அங்கே நின்றார்,
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
பின்புறமும் பார்த்தார்.
"வெத்துத் தாளு எதுக்குங்க நடுவுல?"

அதுவும் நாம அனுப்புனதுதானுங்க.