ஒன்பது நிமிஷம்

பங்க் என்றால் எங்களுக்குப் பெட்ரோல் பங்க்.
ராணிப்பேட்டை முத்துக்கடையில்
பாக்குச் சரத்துக்கும் பிளேடு அட்டைக்கும் நடுவே
நூலில் தொங்கியது அந்தக் கேசட்.
அட்டையைச் சுற்றிக் கறுப்புக் கட்டம்.
கண்ணீர் அஞ்சலி அடிக்கிற அச்சகத்தில் கொடுத்தார்களாம்,
கட்டத்தைக் கழற்ற மறந்துவிட்டான்.
யார் செத்தது என்று கேட்டேன்.
"பாட்டுக்காரங்க பா. இன்னும் சாவல" என்றார் கடைக்காரர்.
பன்னிரண்டு ரூபாய். எண்பத்து மூன்று, சித்திரை வெயில்.

பச்சைத்தோல் என்று பேர்.
மூன்று ஆள், ஐந்து பாட்டு, ஒன்பது நிமிஷம்.
மிச்சம் ஐம்பத்தொரு நிமிஷமும் வெறும் நாடா.
ஏமாந்துவிட்டோம் என்று வாங்கிய நாலு பேரும்
அதன்மேல் பஜனையைப் பதிந்தார்கள்,
பரீட்சைப் பாடத்தை, பிள்ளை அழுவதை.
நான் எதையும் பதியவில்லை.
அந்த இரைச்சலும் அவர்களுடையதுதான் என்று பட்டது.

முதல் பாட்டு தோல் ஷாப் சங்கோடு ஆரம்பம்.
ரூபி எமிலி பாடுகிறாள்.
பாடுகிறாள் என்பது ஒரு மரியாதைக்கு.
சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஏறிய அப்பனின்
கால்விரல்களை எண்ணுகிறாள்,
எட்டில் நிறுத்திவிடுகிறாள்.
ஒரு நிமிஷம் பத்து நொடி.
மூன்று சரணம் கேட்பவன்
அந்தக் காலைப் பார்த்ததில்லை.

இரண்டாவதில் இருமல் வரும்.
வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை.
கன்னியப்பன் அந்த இருமலுக்கே ஓர் அடி போடுகிறான்.
சாவுமேளம் அடித்துப் பழகிய கை,
நடுவில் யார் விழுந்து அழுதாலும்
தாளத்தில் சேர்த்துக்கொள்ளும்.

மூன்றாவது பாலாறு. நாற்பது நொடி.
லாரி போவுது லாரி போவுது லாரி போவுது.
ஆற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நான்காவதில் காட்பாடி யார்டு எஞ்சின் ஊதுகிறது.
கல்யாண மைக் செட் வைக்கிற குடோன் அது,
சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்.
முனவ்வரின் கிட்டார் ஒரு கணம் தடுக்கி
எஞ்சின் சுருதிக்கே ஏறிக்கொள்கிறது.
இந்த இடத்துக்காக மட்டும்
மூன்று டேப் ரெக்கார்டரைத் தேய்த்திருக்கிறேன்.

மெட்ராஸில் இங்கிலீஷில் கத்தியவர்களுக்குப்
பத்திரிகையில் படம் வந்தது.
இவர்களுக்கு எங்கள் கல்லூரிச் சுவரில் ஒரு சொல்:
சத்தம்.
எழுதியவனுக்குக் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஐந்தாவது முடிவதில்லை.
ரூபி "வே" என்கிறாள், கரண்ட் போய்விடுகிறது.
வேலையா, வேலூரா, வேண்டாமா, வேகுதா.
ஒவ்வொரு வருஷம் ஒவ்வொன்று போட்டுப் பார்த்தேன்.

போன ஆனியில் ஷெல் கண் ஆஸ்பத்திரியில்
பக்கத்து நாற்காலிக்காரர், மேல்விஷாரம்,
ஒரு கண்ணில் பஞ்சு.
கேசட் பேரைச் சொன்னதும்
இன்னொரு கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.
"அவ்ளோ வேகம்லாம் நாங்க கெடையாது பா.
அன்னிக்கு லோ வோல்டேஜ்.
நாடா மெதுவா ஓடிச்சு.
உங்க வூட்ல நல்ல கரண்ட்டு,
அதான் பறந்துட்டோம்."

வீட்டுக்கு வந்து பேரனின் கம்ப்யூட்டரில்
கணக்குப் போட்டு வேகத்தைக் குறைத்தேன்.
பத்தரை நிமிஷம் வந்தது.
ஷிப்ட் முடித்து வந்த மூன்று பேர்,
ரூபியின் குரல் அடியில் கட்டை,
அந்த எட்டு விரலுக்கு நடுவே மூச்சு வாங்குகிறாள்.
ஒரே ஒரு தரம் கேட்டேன். அழித்துவிட்டேன்.
கோபத்தில் பாதி மின்சார வாரியத்துடையது என்றால்
அவர்களுக்கும் ஒரு நன்றி.

கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டேன்:
"கடைசியில அந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்துச்சு?"
முனவ்வர் சிரித்து வாயைத் திறந்தார்.
"நூத்தி பதினாலு" என்று கூப்பிட்டார்கள்.
எழுந்து போனார்.
என்னுடையது நூற்றுப் பதினைந்து,
உள்ளே வேறு டாக்டர்.