பாதி நாரை

வூப்பர்ட்டாலில் ரயிலுக்குச் சக்கரம் தலைமேல்.
ஆற்றின் மேலே தொங்கிக்கொண்டு போகிறது,
நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை,
பெரிய வௌவாலை யாரோ இழுத்துப்போவது போல.
அதில்தான் வேலைக்குப் போகிறேன்.
காப்பீட்டு நிறுவனம், நீர்ச்சேதப் பிரிவு.
உடைந்த குழாய், ஊறிய தரை,
மாடிவீட்டுக்காரரின் துணி துவைக்கும் இயந்திரம்.
தினம் நாற்பது கோப்பு.
எந்த ஈரத்தையும் நான் தொட்டதில்லை.

போன மாதம் எங்கள் கட்டடத்திலேயே குழாய் உடைந்தது.
அலுவலகத்தில் சிரித்தார்கள்.
நிலவறையைக் காலி செய்யச் சொல்லி
தோம்ப்ரோவ்ஸ்கி அம்மாள் வந்து கதவைத் தட்டினார்.
ஆறாம் எண் மரக்கூண்டு.
பனிச்சறுக்குக் காலணி ஒரு ஜோடி, யாருடையதோ.
மேல்தட்டில், செய்தித்தாள் சுற்றி, நனையாமல்
ஐந்து செதுக்குளிகள்,
ஒரு லினோலியப் பலகை,
அதில் பாதி நாரை.

நிறுத்தியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.
யாரும் சாகவில்லை. யாரும் திட்டவில்லை.
ஒரு ஞாயிறு செதுக்கவில்லை,
அடுத்த ஞாயிறும்.
பதினொரு வருடம்.

லினோலியத்துக்கு வயதானால் இறுகிவிடும்.
ஹீட்டர் மேல் வைத்தேன்.
ஆளிவிதை எண்ணெய் வாசம் எழுந்து
செருப்பைக் கழற்றாத விருந்தாளியாய்
அறை நடுவில் உட்கார்ந்தது.
கைபேசியை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன்.
உள்ளிருந்து இரண்டுமுறை முனகியது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே துளையிடக்கூடாது,
ஆணி அடிக்கக்கூடாது,
காலிப் புட்டியைத் தெருத்தொட்டியில் போடவும் கூடாது.
உளி மட்டும் எந்தச் சட்டத்தின் காதிலும் விழாமல் போகும்,
ஆறிய அல்வாவில் கத்தி போல,
கொஞ்சம் மறுக்கும், பிறகு விடும்.

முதல் கோடு வழுக்கி கட்டைவிரலில் முடிந்தது.
உளிக்கு முன்னால் கை இருக்கக்கூடாது:
எனக்குத் தெரிந்த விதிதான்,
கைக்குத்தான் மறந்திருந்தது.
பிளாஸ்டர் ஒட்டினேன்.
இரண்டாவது கோடு. மூன்றாவது.
எத்தனையாவது என்று
பிறகு எண்ணவில்லை.
சுருள் சுருளாய் மடியில் விழுந்ததை
தேநீர் ஆறிப் பாலாடை கட்டியபின்தான் பார்த்தேன்.

இறகுகள் பழையவள் செதுக்கியவை.
ஆழம், அவசரம், சந்தேகமே கிடையாது.
கால்களைத்தான் விட்டுவைத்திருந்தாள்.
ஒன்றா, இரண்டா,
பென்சில் கோடு அழிந்துபோயிருக்கிறது.
கோட்டு மாட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.
ரயிலின் இரும்புக் காலருகே
நாரை நின்றது, இரண்டு காலும் தண்ணீரில்.
மீனுக்காக நிற்கிறது என்பதற்குச் சான்றில்லை.
சான்றில்லாமல் நான் எழுதுவதில்லை, தொழில் பழக்கம்.
சும்மா நின்றது என்று குறித்துக்கொள்கிறேன்.

மை உருட்டி, தாள் விரித்து,
அகப்பையின் முதுகால் தேய்த்து,
ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன்.
நாரை எதிர்ப்பக்கம் பார்த்தது.
கீழே எழிலரசியின் ‘எ’
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.
தாளில் எல்லாம் திரும்பிவிடும்,
அதையும் மறந்திருக்கிறேன்.
துணிக்கொடியில் காயவைத்ததைப் பார்த்து
தோம்ப்ரோவ்ஸ்கி அம்மாள் சொன்னார்:
கால்கள் கொஞ்சம் தடிமன்.
ஆமாம், தடிமன்தான்.

திங்கள், முதல் கோப்பு: ஊறிய ஓக் மரத்தரை, பன்னிரண்டு சதுர மீட்டர்.
படத்தைப் பெரிதாக்கினேன்,
இன்னும் பெரிதாக்கினேன், ரேகை தெரியும் வரை.
பிளாஸ்டர் விரல்
தப்பான எழுத்தை அழுத்தியது.