விசேசம் ஒண்டுமில்லை

மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த ஏழாவது மாதம்
கஸ்தூரியார் வீதியில் ஆறு கதிரை வாங்கினேன்.
சிவப்பு. பிளாஸ்ரிக்.
கூரையில் வைத்துக் கட்டும்போது ஓட்டோக்காரன் கேட்டான்:
"செத்தவீடோ அக்கா?"
இல்லை.
"பேந்து?"

பேந்து என்னவென்று எனக்கும் தெரியாது.
காணிப் பதிவுக் கந்தோரில்
நாள் முழுக்க எல்லைகளை வாசிக்கிறேன்:
கிழக்கு ஒழுங்கை,
மேற்கு இன்னாரின் உரித்தாளர் காணி,
பங்குக் கிணறும் அதற்குப் போய்வரும் வழிவாய்க்காலும்.
பிறகு கொக்குவிலில் வாடகை வீட்டைத் திறந்து
ஒரு முட்டை அவிக்கிறேன்.
என்னை ஓர் உறுதியில் எழுதினால்
நாலு எல்லையும் மதில்.

போயாவன்று பின்னேரம் நாலரைக்கு
வாங்க, தேத்தண்ணி குடிப்பம் என்று
எட்டுப் பேரிடம் சொன்னேன்.
எட்டுப் பேருக்கும் ஒரே கேள்வி: "என்ன விசேசம்?"
ஒண்டுமில்லை என்றதும்
எட்டு முகத்திலும் ஒரு பயம்.
சீட்டுப் பிடிக்கிறாவோ.
காப்புறுதியோ.
மதம் மாத்திற ஆக்களோ.

முதல் போயாவுக்கு இரண்டு பேர்.
மிருக வைத்தியர் துவாரகா,
பிறந்தநாளாக்கும் என்று நினைத்து
ஒரு சுவர் மணிக்கூட்டைப் பொதிசெய்து கொண்டுவந்தா.
குருநகர் பிலேந்திரன், எங்கள் கந்தோர்க் கணக்காளர்,
கதிரை நுனியில் இருந்தார்,
எந்த நேரமும் எழும்பக்கூடிய மாதிரி.
மிச்ச மூன்று கதிரையும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சொந்த ஊர் எது என்றார்கள். சொன்னேன்.
ஊரில் எவடம் என்றார்கள்.
அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது
எனக்குத் தெரியும்.
"மறுகா," என்றேன், "வடை எடுங்க."
மறுகாவுக்கு இருவரும் சிரித்தார்கள்.
கெட்ட சிரிப்பில்லை.
ஆனாலும் அன்றிரவு
முப்பத்தேழு வடையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டுக்
கண்ணாடிக்கு முன்னால் நின்று
பேந்து, பேந்து என்று சொல்லிப் பழகினேன்.

அடுத்த போயா மூன்று பேர்.
அதற்கடுத்தது மழை, ஒருவருமில்லை,
ஆறு கதிரையையும் நானே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன்.

பிறகு பஸ்மினா வந்தா,
ஐந்துசந்தியில் தையல்கடை, பிறந்தது புத்தளம்.
"ஊருக்குத் திரும்பி வந்திட்டீங்களா எண்டு கேக்கிறாங்க.
நான் வந்ததே இதுதான் முதல்தரம்."
சுவிஸ் திருப்பி அனுப்பிய நிறஞ்சன்
நாலு இருபத்தெட்டுக்கே வந்து
நாலரை மட்டும் படலைக்கு வெளியே நிற்பான்.

வடை சுடுவதை விட்டுவிட்டேன்.
எல்லாம் ஆயத்தமாயிருந்தால் வருகிறவர் விருந்தாளி,
விருந்தாளிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை,
அதனால்தான் விசாரிக்கிறார்.
இப்போது வெங்காயத்தை உரிக்காமல் வைக்கிறேன்.
கத்தி இரண்டு, பலகை இரண்டு.
கண் எரியும்போது
எவடம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு கதிரையைப் பஸ்மினா கடைக்கு இரவல் கொண்டுபோனா.
திருப்பித் தரவில்லை. நான் கேட்கவுமில்லை.
ஐந்துசந்தியில் போய் இருக்க
எனக்கொரு சிவப்புக் கதிரை உண்டு.

வைகாசிப் போயாவன்று கரண்ட் போனது.
போகட்டும், இருங்க என்றேன்.
வெளிச்சக் கூடு கட்டியிருந்த முன்வீட்டிலும் இருட்டு.
துவாரகாவின் மணிக்கூடு மட்டும் நடந்துகொண்டிருந்தது.
கொஞ்ச நேரத்தில்
பிளாஸ்ரிக் முதுகு நெரிகிற சத்தம்.
பிலேந்திரன் சாய்ந்துவிட்டார்.
பத்து மாதத்தில் முதல்முறை.

தம்பி கடலுக்குப் போன நாளைச் சொல்லத் தொடங்கினார்.
கரைக்கு அம்மா கொண்டுபோன சோற்றுப் பார்சல்,
அதைச் சுற்றியிருந்த தாளின் நிறம்.
அதோடு நின்றுவிட்டார்.

ஒருவரும் அசையவில்லை.
வெங்காயம் வெட்டிய கைகள் மடியில்.

"மறுகா?"

நான் சொல்லவில்லை.
ஆரென்று இருட்டில் தெரியவுமில்லை.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பிலேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு
மறுபடி தொடங்கினார்.