ஒன்பதாம் வசனம்

பரானாவில் கோழி அறுக்கும் ஆலை.
காலை ஐந்துக்கு, கத்தி தீட்டும் முன்
முதலாளி வால்டெசிர் வேதம் வாசிப்பார்:
வேலைக்காரர் கீழ்ப்படிய வேண்டுமாம்,
நடுக்கத்தோடு.
நடுக்கத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை.
குளிரறை, பத்து டிகிரி.
எட்டாம் வசனத்தோடு மூடிவிடுவார்.

இன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
ஜுசேலியாவிடம் நீட்டினார்.
நிமிடத்துக்கு ஆறு தொடை அறுத்து
நிமிர மறந்துபோன விரல்;
அதைக் கொண்டே பக்கம் புரட்டினாள்.
'எஜமான்களே' என்று தொடங்கி
நிதானமாக,
மிரட்டலை விடச் சொல்லும் இடத்தில்
ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு.

யாரும் ஆமென் சொல்லவில்லை.
அவர் தன் பூட்ஸைப் பார்த்தார்.
சட்டைப்பையில் துருத்தின
எங்கள் கழிப்பறைச் சீட்டுகள்.

பெல்ட் ஏழு நிமிடம் பிந்தி ஓடியது.
அந்த ஏழைப் பிடித்தார்களா என்பது
சம்பளத்தன்று தெரியும்.